சபை கேட்ட பாட்டு

ஆர்வில் ஸ்டாஃபர் நாற்காலியில் சாயாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஒஹையோவின் அந்தச் சிற்றூரில், 1972 கோடையில், தேவாலயத்தின் நிலவறையில் நான்கு பேர் மத்தியானத்திலிருந்து ராக் இசைத்தட்டுகளைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஊர்ப் பிள்ளைகளிடமிருந்து வாங்கிய தட்டுகள். காவல்துறை அச்சடித்துக் கொடுத்த போதைச் சொற்களின் பட்டியல் ஆளுக்கொன்று கையில் இருந்தது. பாட்டில் அப்படி மூன்று சொற்கள் தென்பட்டால் தட்டை ஞாயிற்றுக்கிழமை பீப்பாயில் போட்டுக் கொளுத்துவார்கள்.

கடைசியாக எடுத்தது ஆர்விலின் மகன் டேல் எழுதிப் பாடியது. அதற்குத் தண்டனையும் கூடுதல். எழுதியவன் சபையைச் சேர்ந்தவன் என்பதால், பிரசங்க மேடையிலேயே அவன் பெயரை வாசித்துச் சபைப் பதிவேட்டிலிருந்து நீக்குவார்கள். தட்டு பாடியது:

"நாலு மணிக்கு அவன் வருவான், சட்டைக் கையை மடித்து வை. ஜன்னல் வழியே வலி போகும், நானும் கூடப் போய்விடுவேன்."

பாஸ்டர் க்ரோகர் தட்டிலிருந்து இசைப்பெட்டியின் முள்ளைத் தூக்கினார். "சட்டைக் கைன்னா ஊசி. 'அவன்'னா விக்கிறவன். போறதுன்னா போதை. மூணாச்சு."

"எல்லாத்துக்கும் அப்படிப் பாத்தா நம்ம கீர்த்தனைப் புத்தகமே பீப்பாய்க்குப் போகும் பாஸ்டர்," என்றார் வெர்லின் ஹோக். ஊரின் ஒரே மருந்துக்கடை அவருடையது. "அதுலயும் வலி போகுது, ஆளும் மேல போறாரு."

"மருந்து விக்கிறவரு வேற எப்படிப் பேசுவாரு?" என்றாள் ஞாயிறு பள்ளி நடத்தும் ஹுல்டா பெக். "லொரீன் இருந்திருந்தா இதைக் கேட்டு நொந்தே போயிருப்பா. புத்துநோயில ஒரு மாத்திரைகூட முழுங்காம, கீர்த்தனை பாடிக்கிட்டே கண்ண மூடினவ. இன்னிக்கும் பிள்ளைங்களுக்கு அவளைத்தான் சொல்லிக் குடுக்கறேன்."

மனைவி லொரீனின் அடக்கத்தன்று சபை முன்னால் எழுந்து நின்று அப்படிச் சொன்னவர் ஆர்வில்தான். உண்மையில் கடைசி நான்கு மாதம் மார்ஃபின் இல்லாமல் அவள் ஒரு பொழுதையும் கடக்கவில்லை. வேளை தப்பினால் கடவுளைத் திட்டினாள். ஊசிக்காகக் காலைப் பிடித்துக் கெஞ்சினாள். வெளியே சொல்வதில்லை என்ற வாக்கோடு வெர்லின் பின்வாசல் வழியாக மருந்து கொடுத்தார். டேல் எழுதிய பாட்டில் பேசுவது அவள்தான்.

இந்தக் கூட்டத்துக்குக் கிளம்பும் முன் காலையில் டேல் சொல்லியிருந்தான்: "அம்மாவைப் பத்தி நான் வாயத் திறக்க மாட்டேன்ப்பா. சொல்றதா இருந்தா நீங்க சொல்லுங்க."

வெர்லின் அவரையே பார்த்தார். "ஆர்வில், உனக்கு ஏதாவது தெரிஞ்சா இப்பவே சொல்லிடு. பிள்ளை பேரு போகப் போகுது."

ஆர்வில் கையிலிருந்த பட்டியலை மடித்தார். ஒரு வாக்கியம் போதும். ஆனால் அந்த வாக்கியத்தோடு லொரீன் இந்த ஊரின் வாயில் விழுவாள். எத்தனை சீசா, எத்தனை நாள், என்னவெல்லாம் கத்தினாள் என்று கேட்பார்கள். தான் சபையில் சொன்ன பொய்யும் வெளியே வரும்.

"பட்டியல்ல உள்ள அர்த்தம்தான்," என்றார். "என் மகன்ங்கறதுக்காக விட வேண்டாம்."

மூன்று கைகள் உயர்ந்தன. வெர்லின் தன் கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

வெளியே டேல் தன் லாரியில் சாய்ந்து நின்றிருந்தான். அப்பாவின் முகத்தைப் பார்த்ததுமே அவனுக்கு விளங்கிவிட்டது.

"சொல்லல, இல்ல?"

"ஞாயித்துக்கிழமை நீ வர வேண்டாம். உங்கம்மா பேருக்கு ஒண்ணும் ஆகல."

"அம்மா பேரா, உங்க பேரா?" டேல் குரலை உயர்த்தவில்லை. "நாலு மாசமும் ஊசி போட்டது நான். அவ கத்தறப்பல்லாம் நீங்க மாட்டுக்கொட்டகையில காதைப் பொத்திக்கிட்டு நின்னீங்க. ஒரு தடவை உள்ள வந்திருந்தா இன்னிக்கு உங்களால கை தூக்கியிருக்க முடியாதுப்பா."

டேல் ஏறிக் கதவைச் சாத்தினான். லாரி கிளம்பிச் சோளக்காட்டுப் பாதையில் திரும்பியது. அது வீட்டுக்குப் போகும் பாதை அல்ல.

படியேறி வந்த ஹுல்டா அவர் தோளைத் தொட்டாள். "லொரீன் இன்னிக்கு மேலிருந்து பெருமைப்படுவா, ஆர்வில்."

"ஆமாம்," என்றார் அவர், முதுகு வளையாமல்.