கையைத் திருப்பாமல்

கமலவேணி அண்ணன் சம்பத்தின் நகங்களில் எலுமிச்சை மூடியைத் தேய்த்தாள். ஆம்பூர் தோல் ஷாப்பில் தோல் பதனிட்டு ஏறிய கறை, அமிலத்துக்கும் அசையவில்லை. காலையில்தான் இறந்து போயிருந்தான். மஞ்சள் காமாலை.

"போதும் வேணி. இன்னா, கல்யாணத்துக்கா அனுப்புறோம்?" என்றார் அப்பா கனகராஜ்.

வாசலில் பெரியப்பா மகன் மூர்த்தி பாடைக்குக் கயிறு இறுக்கிக்கொண்டிருந்தான். தெருக்குழாய்ப் பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னான்:

"டேய், வீட்டுக்காரம்மா வந்துட்டாங்கடா. தாலி யாரு அறுக்கிறது?"

கயிறு பிடித்திருந்தவர்கள் சிரித்தார்கள்.

குழாயடியில் தேவசகாயம் நின்றிருந்தான். வேலூரிலிருந்து பஸ்ஸில் வந்திருக்க வேண்டும். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தான். உள்ளே வரவில்லை.

1973-இல், இருவரும் சேர்ந்து படித்த பத்தாம் வகுப்பில், கரும்பலகையில் யாரோ 'மணமக்கள்' என்று எழுதி, கீழே சம்பத், தேவசகாயம் என்று பெயர் போட்டிருந்தார்கள். வாத்தியாரும் சிரித்தார். பிறகு பெயர் இருந்த இருவரையும் பிரம்பால் அடித்தார். எழுதியது யார் என்று கேட்கவில்லை. அப்பாவும் கேட்கவில்லை. படிப்பை நிறுத்தி சம்பத்தைத் தோல் ஷாப்பில் சேர்த்தார். "அந்தப் பையன் இந்தப் படி ஏறக் கூடாது" என்றார். அதற்குப் பிறகு அண்ணன் வீட்டில் அதிகம் பேசியதில்லை.

அப்பா தட்டை நீட்ட, உறவுக்காரர்கள் வாய்க்கரிசி போட்டு முடித்தார்கள்.

"அவ்ளோதானே? தூக்கலாமா?" என்றான் மூர்த்தி.

"இன்னும் ஒருத்தர் இருக்காரு" என்றாள் கமலவேணி. குழாயடிப் பக்கம் திரும்பினாள். கூப்பிட்டாள். "தேவசகாயம் அண்ணே, வாங்க."

"இன்னாம்மா நீ, படிச்ச பொண்ணு. ஊரே சிரிக்கும்" என்றான் மூர்த்தி.

"அன்னிக்கு போர்டுல எழுதி சிரிக்க வச்சது நீங்கதானே மூர்த்தி அண்ணே. அண்ணன் எங்கிட்ட சொல்லிச்சு."

அப்பா நிமிர்ந்தார். "நீயாடா?"

மூர்த்தி கயிற்றைப் பார்த்தான். "சின்னப் பசங்க வெளாட்டு, சித்தப்பா."

தேவசகாயம் படி ஏறி வந்தான். அப்பா தட்டை நீட்டினார்.

கையைத் திருப்பிப் புறங்கை வழியாகப் போட வேண்டும் என்று தேவசகாயத்துக்குத் தெரியாது. அவன் வீட்டில் இந்த வழக்கமில்லை. விரல் நுனியில் கொஞ்சம் அரிசி எடுத்தான். குனிந்து, காய்ச்சல்காரனுக்கு ஊட்டுவதுபோல உதட்டில் வைத்தான்.

"கையத் திருப்பணும்யா..." என்று யாரோ ஆரம்பித்தார்கள்.

"உடு" என்றார் அப்பா.

ஓர் அரிசி கன்னத்தில் சரிந்தது. தேவசகாயம் அதை எடுத்து மறுபடி உதட்டில் வைத்தான். அப்பா தட்டை அவன் பக்கம் நீட்டியபடியே நின்றார்.