எழுதாமல் விட்டது

லிஃப்ட் பராமரிப்பு நிறுவனத்தில் புதிய மென்பொருள் வந்த வாரத்திலிருந்து, அதில் யார் எந்தச் செய்தியை அனுப்பினாலும், அவர் எழுதாமல் விட்டது பெறுகிறவர்களின் இடது காதுக்குப் பின்னால் அவருடைய சொந்தக் குரலிலேயே கேட்டது. முதலில் கேட்டது ஸ்டோர்ஸ்காரரின் குரல். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தேநீர் வருவதற்குச் சற்று முன்னால், "கதவு ரோலர் இரண்டு நாளில் வந்துவிடும்" என்று அவர் பொதுக் குழுவில் தட்டினார். குழுவில் இருந்த நாற்பது சொச்சம் பேரும், மொட்டைமாடி மெஷின் ரூம்களில் எண்ணெய்க் கையோடு நின்ற மெக்கானிக்குகள், கணக்குப் பிரிவுக்காரர்கள், கழிப்பறையில் இருந்த வேன் ஓட்டுநர் உட்பட எல்லோரும், ஒரே நேரத்தில் பிடரியில் வெதுவெதுப்பான மூச்சுக்காற்றை உணர்ந்தார்கள். "ஆர்டரே போடல. மறந்துட்டேன். இப்ப எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்றது" என்றது ஸ்டோர்ஸ்காரரின் குரல், ரகசியம் பேசுகிற தொனியில். ஸ்டோர்ஸ்காரருக்கு மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. அனுப்பியவருக்கு அது ஒருபோதும் கேட்காது என்பது பிறகுதான் தெரிந்தது. தலையை நிமிர்த்தியவர், அறையில் இருந்தவர்கள் எல்லோரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு, குனிந்து சட்டைப் பொத்தான்களைச் சரிபார்த்தார்.

மென்பொருளை எல்லோருக்கும் பழக்கிவிடும் பொறுப்பு பெல் அக்காவிடம் கொடுக்கப்பட்டிருந்தது. லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது என்று அழைக்கிறவர்களுக்குப் பதில் சொல்லி, பக்கத்தில் இருக்கும் மெக்கானிக்கை அனுப்பிவைப்பது அவளுடைய வேலை. தொலைபேசி இரண்டாம் முறை மணியடிப்பதற்குள் எடுத்துவிடுவாள் என்பதால் அந்தப் பெயர். முதலாளிகூட அப்படித்தான் கூப்பிடுவார். அவளுடைய கணவர் அதே நிறுவனத்தில் மெக்கானிக். இதற்கு முன்னால் இரண்டு மென்பொருள்கள் வந்து, பயிற்சி நாளன்று பிஸ்கட் சாப்பிட்டதோடு முடிந்துபோயிருந்தன. இந்த முறையும் அப்படி ஆனால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக முதலாளி சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். அவர் சிரித்துக்கொண்டே சொல்வதெல்லாம் நடந்துவிடும் என்பது அங்கே வேலை செய்கிற எல்லோருக்கும் தெரியும்.

மென்பொருளை விற்ற நிறுவனத்திலிருந்து பயிற்சியாளர் மறுபடி வந்தார். ஒலியை அணைத்தார், அறிவிப்புகளை அணைத்தார், அங்கே இருந்தவர்களின் கைப்பேசிகளையெல்லாம் ஒரு பிளாஸ்டிக் வாளியில் போட்டு மூடி பக்கத்து அறையில் வைத்தார். வாளிக்குள்ளிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை. வெளியே இருந்த மெக்கானிக்குகள் செய்தி அனுப்பும்போதெல்லாம் பிடரிகளில் மட்டும் மூச்சு வந்தது. அவர் தன் தலைமை அலுவலகத்துக்குப் பேசிவிட்டு, பெல் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, "எங்க பக்கம் எல்லாம் கரெக்டா இருக்குங்க. இந்த மாதிரி விஷயத்துல பெரும்பாலும் சாஃப்ட்வேர் பிரச்சினையா இருக்காது, மனுஷங்கதான்" என்றார். அவர் நன்றியுரையாகக் குழுவில் இட்ட செய்தியோடு, "இந்த ஆஃபீஸ்ல இனிமே கால் வைக்க மாட்டேன்" என்பதும் வந்து சேர்ந்தது. அவர் வரவும் இல்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொருவராக எழுதுவதை நிறுத்தினார்கள். எழுதாமலிருக்க அதற்கு முன்பே ஆளுக்கொரு காரணம் இருந்தது. மெக்கானிக்குகள் மென்பொருளை வேவு பார்க்கிற கண்ணாகத்தான் நினைத்தார்கள். மூத்த மெக்கானிக்கோ, பழைய லிஃப்ட்டுகளின் குணம் முழுவதும் தன் தலைக்குள் இருப்பதால்தான் தன்னை இன்னும் வேலையில் வைத்திருக்கிறார்கள், அதை ஊருக்கே எழுதிப் போட்டுவிட்டால் பிறகு தான் எதற்கு என்று நினைத்தார். கணக்குப் பிரிவுக்கும் ஸ்டோர்ஸுக்கும் பேச்சுவார்த்தை நின்று வருடங்கள் ஆகியிருந்தன. என்ன சண்டை என்பது இரண்டு தரப்புக்கும் மறந்துவிட்டது, கோபம் மட்டும் மறக்கவில்லை. இப்போது இவை எல்லாவற்றுக்கும் மேலே பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. "சரி" என்று ஒற்றைச் சொல் அனுப்பியவரின் குரலில் "சரின்னு சொல்லாம வேற என்னத்தச் சொல்றது" என்று கேட்டது. விடுப்புக் கேட்டவரின் குரலில் அவருடைய வீட்டுச் சண்டை கேட்டது. தன் குரல் அடுத்தவர் காதில் என்ன சொல்லிவிட்டதோ என்று தெரியாமல், ஒவ்வொருவரும் மற்றவர்களின் முகத்தையே படித்துக்கொண்டிருந்தார்கள். சாப்பாட்டு மேசையில் கரண்டிச் சத்தம்தான் கேட்டது.

மாத முடிவில் செயலாளர் முதலாளியிடம் கொண்டுபோய்க் காட்டிய திரையில் புதிதாக ஒரு செய்திகூட இல்லை. முதலாளிக்கு நடந்தது எதுவும் தெரியாது. அவர் குழுவில் சேரவே இல்லை. வருவதைச் செயலாளர் படித்துச் சொல்வார், அவர் சொல்வதைச் செயலாளர் தட்டுவார். குரல் விஷயத்தை யாரோ சொன்னபோது, வேலை செய்ய மனமில்லாதவர்கள் கட்டிய கதை என்றார். ஒவ்வொருவரும் நாள்தோறும் ஒரு செய்தியாவது போட்டே ஆக வேண்டும், போடாதவர்களுக்கு அன்றைக்குச் சம்பளம் இல்லை என்று உத்தரவு வந்தது. அந்த உத்தரவோடு கூடவே, "நான் டைப் மட்டும்தான் பண்றேன், என்னைத் திட்டாதீங்க" என்ற செயலாளரின் குரலும் எல்லோரையும் வந்தடைந்தது.

அடுத்த மாதம் யாரும் வாய்விட்டுப் பேசாத மாதம். சிலர் செய்தியைத் தட்டும்போது மனதுக்குள் வாய்ப்பாடு சொல்லிப் பார்த்தார்கள்; வாய்ப்பாட்டுக்கு அடியிலிருந்தும் குரல் வந்தது. இரண்டு பேர் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுப் போனார்கள். பெல் அக்கா ஆளாளாகப் போய் உட்கார்ந்து, திரையில் எதை எங்கே அழுத்த வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். எல்லோருக்கும் அழுத்தத் தெரிந்திருந்தது. "அழுத்துறது ஒரு வேலையாக்கா? அழுத்தினதுக்கு அப்புறம் என்ன ஆகும்னு சொல்லு" என்றார் ஸ்டோர்ஸ்காரர். அவள் அடுத்த மேசைக்கு நகர்ந்தாள்.

ஒரு வியாழக்கிழமை, வீட்டில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது அவளுடைய கைப்பேசியில் கணவரின் அன்றைய செய்தி வந்தது. "மருத்துவமனை ஸ்ட்ரெச்சர் லிஃப்ட் பார்த்தாயிற்று. நன்றாக ஓடுகிறது." கூடவே மூச்சு வந்தது. எத்தனையோ வருடமாகப் பக்கத்துத் தலையணையிலிருந்து கேட்ட மூச்சு அது. ஆனால் அது இவ்வளவு நடுங்கி அவள் கேட்டதில்லை. "பிரேக் தேஞ்சுபோச்சு. நின்ன இடத்துல நிக்காம நழுவுது. முதலாளி இன்னும் ஒரு மாசம் ஓட்டுன்னாரு. யாராவது கேளுங்களேன்." அவள் கத்தியைக் கீழே வைத்தாள். லிஃப்ட்டில் நின்ற இடத்தில் பெட்டியைப் பிடித்துவைப்பது பிரேக்தான். நோயாளியோடு ஸ்ட்ரெச்சர் பாதி உள்ளே, பாதி வெளியே இருக்கும்போது பெட்டி நழுவினால் என்ன ஆகும் என்பதை அவளுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

கணவர் வந்தார், கை கழுவினார், சாப்பிட உட்கார்ந்தார். அவள் குழம்பை ஊற்றினாள். தன் குரலில் என்ன போனது என்று அவர் அவள் முகத்தில் தேடினார். அவள் முகத்தைப் பாத்திரத்தின் பக்கம் திருப்பிக்கொண்டாள். கேட்டுவிட்டேன் என்று சொன்னால், அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்ற கேள்வி வரும். முதலாளி சொன்னதைச் செய்யாவிட்டால் கணவருக்கு வேலை போகும், அவள் எதிர்த்துப் பேசினால் அவளுக்கும் போகும். மகளின் கல்லூரி, வீட்டு வாடகை எல்லாம் அந்த ஒரே இடத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தன. நாற்பது பேர் கேட்டிருப்பார்கள், யாராவது ஒருவர் போய்ச் சொல்லிவிடுவார் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் அலுவலகத்தில் நாற்பது பேரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். மூத்த மெக்கானிக் அவளைக் கண்டதும் ஷூ லேஸைக் கட்டக் குனிந்தார். அவர் போட்டிருந்தது செருப்பு. கணக்குப் பிரிவில் எல்லோரும் ஒரே நேரத்தில் திரையைப் பார்த்தார்கள். அந்த வினாடியில்தான் பெல் அக்காவுக்கு உண்மையான பயம் வந்தது. இதுவரை பயந்ததெல்லாம் குரலுக்கு. குரல் கேட்டும், எல்லோருக்கும் தெளிவாகக் கேட்டும், ஒன்றுமே நடக்கவில்லை என்பது அதைவிடப் பெரிய பயமாக இருந்தது. அவளுடைய கால்கள் தாமாகவே முதலாளியின் அறைக்குப் போயின. வாசலில் செயலாளர் தடுக்கவில்லை. நாற்காலியை நகர்த்தி வழிவிட்டார்.

"என்னம்மா பெல்லு, என்ன விஷயம்?"

"நீங்க குழுவில சேரணும் சார்."

"எனக்கு எதுக்கும்மா அதெல்லாம்? அதுக்குத்தான் செயலாளர் இருக்காரே."

"நீங்க எழுதாத இடத்துல வேற யாரும் எழுத மாட்டாங்க சார். ஒரே ஒரு செய்தி. உங்க கையால."

கைகளைப் புடவைத் தலைப்பில் சுற்றி மறைத்துக்கொண்டாள். பொறுப்பைக் கொடுத்த நாளிலிருந்து அவள் கேட்டது இது ஒன்றுதான் என்பதாலோ, சீக்கிரம் போனால் போதும் என்பதாலோ, முதலாளி கைப்பேசியை எடுத்தார். அவள் மேசைக்கு இந்தப் பக்கம் நின்று சேரும் வழியைச் சொன்னாள். அவர் ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தேடித் தட்டினார். "எல்லோரும் வழக்கம்போல் வேலையைப் பாருங்கள்." அனுப்பினார். அவருடைய வாய் மூடியிருந்தது, அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவருடைய குரல் அவளுக்குப் பின்னாலிருந்து வந்தது. "அந்த லிஃப்ட்டை நிறுத்துனா ஆஸ்பத்திரிக்காரன் வேற கம்பெனிக்குப் போயிடுவான். நான் தொட்டதெல்லாம் விளங்காதுன்னு எங்கப்பா சொன்னது சரியாப் போயிடும். ஓடட்டும்னு சொல்லிட்டேன். என்னால மாத்திச் சொல்ல முடியல. யாராச்சும் நிறுத்தித் தொலைங்களேன்."

கட்டடம் முழுவதும் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. முதலாளி அவளுடைய முகத்தைப் பார்த்தார். "என்ன கேட்டுச்சு?" என்றார். அவளுடைய முகமே அவருக்குச் சொல்லிவிட்டது. நாற்காலியில் சற்றுச் சரிந்து, கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

பெல் அக்கா அங்கேயே நின்று குழுவில் எழுதினாள். "மருத்துவமனை லிஃப்ட்டை இப்போதே நிறுத்தச் சொல்கிறேன். பிரேக் தேய்ந்திருக்கிறது. எனக்கு நேற்றே தெரியும், பயந்துகொண்டு சும்மா இருந்துவிட்டேன்." அனுப்பியதும் நாற்பது பேரும் தோளைக் குறுக்கிக்கொண்டு காத்திருந்தார்கள். எதுவும் கேட்கவில்லை. பிடரியில் காற்றுகூடப் படவில்லை. குரலுக்குப் பழகிப்போயிருந்த அவர்களை அந்த அமைதி உலுக்கிவிட்டது. கணக்குப் பிரிவில் ஒருவர் அழ ஆரம்பித்தார். அடுத்து அவளுடைய கணவரின் செய்தி வந்தது. "பத்து நிமிடத்தில் அங்கே இருப்பேன். தனியாகப் போகப் பயமாக இருக்கிறது." அதற்குப் பின்னாலும் ஒன்றும் கேட்கவில்லை. மூத்த மெக்கானிக் தானும் வருவதாக எழுதினார், அந்த லிஃப்ட்டை எங்கே தட்டினால் அடங்கும் என்பதையும் சேர்த்து. ஸ்டோர்ஸ்காரர் "பிரேக்குக்குப் புது லைனிங் இருக்கிறது, எடுத்து வைக்கிறேன்" என்றார். உடனே எல்லோர் காதிலும் "எங்க வெச்சேன்னுதான் தெரியல" என்றது அவருடைய குரல். இந்த முறை முகங்களைப் பார்க்க அவர் காத்திருக்கவில்லை. "எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை, வந்து தேடுங்கள்" என்று அவரே எழுதிவிட்டார். கணக்குப் பிரிவிலிருந்து மூன்று பேர் இறங்கி ஸ்டோர்ஸுக்குள் போனார்கள். அவர்கள் அந்த வாசலைத் தாண்டியதை யாரும் அதுவரை பார்த்ததில்லை.

பெல் அக்கா மருத்துவமனைக்கு அழைத்தபோது, லிஃப்ட் ஓடிக்கொண்டிருப்பதாகக் காவலாளி சொன்னார். அறுவை சிகிச்சை முடிந்த ஓர் அம்மாவைக் கீழே இறக்குகிறார்கள். அவள் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கதவு திறக்கும் சத்தம் கேட்டது, சக்கரங்கள் உருளும் சத்தம், யாரோ "மெதுவா, மெதுவா" என்பது, பிறகு இரும்போடு இரும்பு உரசுவதுபோல் ஒன்று. "வெளிய வந்துட்டாங்களா? அண்ணா, வெளிய வந்துட்டாங்களா?" என்று கத்தினாள். "வந்தாச்சும்மா. ஆனா பெட்டி ஒரு முழம் கீழ எறங்கி நிக்குது" என்றார் காவலாளி. லிஃப்ட்டின் சுவிட்சை அணைத்துவிட்டதாக அவர் சொல்லும்வரை அவள் ரிசீவரை வைக்கவில்லை. கணவரும் மூத்த மெக்கானிக்கும் மெஷின் ரூமில் பிரேக்கைத் திறந்தபோது பழைய லைனிங் பட்டை ஈர பிஸ்கட்டைப்போலக் கையோடு வந்தது.

மருத்துவமனை ஒப்பந்தம் போனது போனதுதான். முதலாளி பெல் அக்காவின் கணவரோடு ஒரு வருடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் வேலையை விட்டு யாரையும் அனுப்பவும் இல்லை. அனுப்பினால் அந்த உத்தரவை அவரே குழுவில் எழுத வேண்டியிருக்கும். அதன் பிறகு அவர் தன் செய்திகளைத் தானே எழுதினார். ஆரம்பத்தில் அவருடைய குரல் நீளமாகவும் செய்தி குட்டையாகவும் இருந்தது. போகப்போகச் செய்தி நீண்டது, குரல் குறைந்தது. யாருக்கும் பயம் விட்டுப்போகவில்லை. அனுப்பும் பொத்தானின் மேல் விரலை வைத்துக்கொண்டு ஒரு கணம் எல்லோரும் தயங்குவார்கள், எழுதியதை ஒரு முறை படித்து, விட்டதைச் சேர்ப்பார்கள். சில வருடங்களில் மென்பொருளை மாற்றி வேறொன்று வாங்கினார்கள். குரல் அதிலும் வந்தது. குறை சொல்ல யாரும் விற்றவர்களைக் கூப்பிடவில்லை.

போன மாதம் கணக்குப் பிரிவில் ஒரு புதிய அம்மா சேர்ந்தார். ஐம்பதை நெருங்குகிறவர், வேறு மூன்று இடங்களில் வேலை பார்த்தவர். கழிப்பறை எங்கே, தேநீர் எப்போது வரும் என்று சொன்ன அதே மூச்சில் பெல் அக்கா குரல் விஷயத்தையும் சொன்னாள். அவர் மரியாதைக்குச் சிரித்துவைத்தார். பிறகு இருக்கையில் அமர்ந்து, "அனைவருக்கும் வணக்கம். உங்களோடு பணியாற்றக் கிடைத்ததில் மிகுந்த மகிழ்ச்சி" என்று அனுப்பினார். "பயமா இருக்கு. இங்கயும் ரெண்டு மாசத்துல தொரத்திடுவாங்களோ" என்றது அவருடைய குரல், நாற்பது சொச்சம் பிடரிகளில். யாரும் நிமிர்ந்து அவரைப் பார்க்கவில்லை. மெஷின் ரூம்களிலும் ஸ்டோர்ஸிலும் வேனிலும் இருந்தவர்கள் கையைத் துடைத்துக்கொண்டு கைப்பேசியை எடுத்தார்கள். "எனக்கும்" என்று முதலில் எழுதியவர் முதலாளி. பிறகு ஒவ்வொருவராக எழுதினார்கள், எனக்கும், எனக்கும் என்று திரை நிறைய. அந்த அம்மா கழுத்தைச் சற்றுச் சாய்த்துக் காத்திருந்தார். அவருக்குப் பின்னால் ஒன்றும் கேட்கவில்லை.