மீனுக்கு வைத்த பாட்டில்

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வந்தபோது என் கடல்மீன் தொட்டி கஞ்சித்தண்ணீர் போல வெளுத்திருந்தது. செனட்டர் பாறைக்கு அடியில் பக்கவாட்டில் செத்துக் கிடந்தது. ஊதா நிற டாங் மீன், உள்ளங்கையை விடப் பெரிது, ஒன்பது வயது. தொட்டி முழுக்கத் தன் பாட்டன் சொத்து என்பது போலச் சுற்றி வரும் திமிரைப் பார்த்துத்தான் அந்தப் பெயரை வைத்தேன். கோமாளி மீன்கள் இரண்டும் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன.

நான் நேரே சமையலறைக்குப் போய் என் மனைவி மார்லீஸிடம் கத்தினேன்.

"தொட்டிப் பக்கம் என்னத்த அடிச்ச?"

"கண்ணாடி தொடைக்கிற ஸ்பிரே," என்றாள். "கறையா இருந்துச்சு. என் தப்புதான், வெர்ன்."

பதினேழு வருடக் குடித்தனத்தில் அவள் ஒரே கேள்விக்கு மடங்கியதே கிடையாது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். எனக்கோ குற்றவாளி கையும் களவுமாகச் சிக்கிய குஷி. "எத்தன தடவ சொல்றது? மண்டைல ஏறவே ஏறாதா?" என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள்.

வருகிற சனிக்கிழமை அவள் குடியை விட்டு ஒரு வருடம். தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் குடியை விட்டவர்களுக்காக நடக்கும் கூட்டத்தில் அதற்கு ஒரு பதக்கம் உண்டு. அதை அவள் கையில் நான்தான் வைக்க வேண்டும். கேக்குக்கும் சொல்லியாயிற்று. போன ஜனவரியில் வீட்டிலிருந்த பாட்டில்கள் அத்தனையையும் நானே கொட்டினேன், இருமல் மருந்து உட்பட. அதை எங்கள் டுலூத் நகரம் முழுக்கச் சொல்லிப் பெருமையும் அடித்துக்கொண்டேன்.

ஒரு பாட்டிலை மட்டும் விட்டுவைத்தேன். அது மீனுக்கு. சிரிக்க வேண்டாம், எங்கள் மீன் சங்கத்தில் பாதிப் பேர் தொட்டிக்கு வோட்கா ஊற்றுகிறவர்கள்தான். தினமும் சில மில்லி ஊற்றினால் அதைத் தின்று நல்ல பாக்டீரியா பெருகும், பெருகி, தண்ணீரில் சேரும் நைட்ரேட் என்ற அழுக்கைத் தீர்க்கும். ஒன்றே முக்கால் லிட்டர் பாட்டில், தொட்டிக்குக் கீழே உள்ள அலமாரியில், பூட்டுக்குள் இருந்தது. "அதையும் கொட்டிடேன்," என்று மார்லீஸ் ஒரு தடவை கேட்டாள். "மீனோட சரக்குல யாரு கை வைப்பா?" என்று நான் சிரித்தேன்.

மறுநாள் மார்லீஸ் வேலைக்குப் போனபிறகு ஆர்வில் வந்தார். நகரக் குடிநீர்ப் பரிசோதனைக்கூடத்தில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். சங்கத்தில் யாருடைய மீன் செத்தாலும் அவரைத்தான் கூப்பிடுவோம்.

"ஸ்பிரேயா? எங்க, காட்டு."

எடுத்து வந்தேன். மூடியின் மேல் பிளாஸ்டிக் உறை கிழியாமல் இருந்தது.

"இது கடையில வாங்குன கோலத்துலயே இருக்குப்பா," என்றார். "அதோட, விஷமா இருந்தா சின்னதுங்க முதல்ல போயிருக்கும். இங்க பெருசு போச்சு, சின்னதுங்க மேல வந்து வாயப் பொளந்துச்சு. மூச்சு முட்டியிருக்கு. பாக்டீரியா வெறிபுடிச்சுப் பெருகி, தண்ணில இருந்த ஆக்சிஜன மொத்தமா உறிஞ்சிருச்சு. எவ்வளவு ஊத்துன?"

"எப்பவும் ஊத்துறதுதான். இருபது மில்லி."

"இருபதா! தொட்டிக்குள்ள குதிரையா வளர்க்குற?"

என் நோட்டை நீட்டினேன். ஞாயிறு தவறாமல் நைட்ரேட் சோதித்து எழுதியது. ஆகஸ்டில் ஐந்து மில்லி போதுமானதாக இருந்தது. பிறகு நைட்ரேட் ஏற ஏற நானும் ஏற்றினேன், பத்து, பதினைந்து, இருபது என்று. ஆர்வில் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

"நேத்து மட்டும் என்ன புதுசு?"

"ஒண்ணுமில்ல. பழைய பாட்டில் அடியில கலங்கலா இருந்துச்சு. புதுசு ஒண்ணு வாங்கிட்டு வந்து திறந்தேன்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். குப்பைக்கூடையிலிருந்து பழைய பாட்டிலை எடுத்து, மிச்சமிருந்ததை ஒரு கப்பில் ஊற்றினார். புதியதிலிருந்து இன்னொரு கப்பில் கொஞ்சம். இரண்டையும் பின்வாசல் படியில் பனிமேல் வைத்துவிட்டு வந்து காபி கேட்டார். வெளியே உடம்பை அறுக்கும் குளிர்.

முக்கால் மணி நேரம் கழித்து எடுத்து வந்தோம். புதியது அப்படியே தளும்பியது. பழையதைக் கவிழ்த்தார். ஒரு சொட்டு விழவில்லை, கட்டியாக உறைந்திருந்தது.

"நல்ல வோட்கா இந்தக் குளிருக்கு உறையாது," என்றார். "யாரோ எடுத்துட்டு, எடுத்த அளவுக்குத் தண்ணி ஊத்தியிருக்காங்க. மாசக்கணக்கா. அது நீர்த்துப்போகப் போக நீ அளவ ஏத்தியிருக்க. நேத்து அதே இருபது, ஆனா அசல் சரக்கு."

அவர் என் முகத்தைப் பார்க்காமல் கோட்டை மாட்டினார். "மீனுக்கு என்னாச்சுன்னு கேட்ட, சொல்லிட்டேன். மத்தது எனக்குத் தெரியாது."

ஐந்தரைக்கு மார்லீஸ் வந்தாள். மேசையில் கப் இருந்தது, பக்கத்தில் பழைய பாட்டில். அவள் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"ஸ்பிரேன்னு சொன்னா நீ அதோட விட்ருவன்னு நெனச்சேன்," என்றாள்.

"எப்பலேருந்து?"

"ஆகஸ்ட். நீ சிகாகோவுக்கு மீன் கண்காட்சி பாக்கப் போன. செனட்டருக்குத் தீனி போடச் சொல்லி அலமாரியோட இன்னொரு சாவிய என் கைல குடுத்துட்டுப் போன, திருப்பி வாங்கவே இல்ல."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"நைட்ரேட் ஏறுது, நைட்ரேட் ஏறுதுன்னு வாராவாரம் புலம்புன. பக்கத்துலதான ஒக்காந்திருந்தேன், வெர்ன்? என் வாயக் கிட்ட வந்து மோந்து பாத்தியா?"

அவள் கேக் கடைக்குப் போன் போட்டாள். வேண்டாம் என்றாள். மறுமுனையில் ஏதோ சொன்னார்கள். "பேர் எழுதிட்டீங்களா? பரவால்ல, தூக்கிப் போட்ருங்க," என்று சொல்லி வைத்தாள். பிறகு கூட்டத்துக்கு அவளை அழைத்துப் போகும் பெண்மணியைக் கூப்பிட்டு, சனிக்கிழமை பதக்கம் வாங்கப்போவதில்லை, முதல் நாள் என்று கணக்கைத் திரும்ப ஆரம்பிக்கப்போகிறேன் என்றாள். அவள் குரல் நடுங்கவில்லை.

யார்மேல் என்று தெரியாத ஆத்திரம். அலமாரியைத் திறந்து புது பாட்டிலை எடுத்துவந்து சமையலறையில் பாத்திரம் கழுவும் சிங்க்கில் கவிழ்த்தேன். அது தீர நேரம் பிடித்தது. மார்லீஸ் கதவில் சாய்ந்து கடைசிச் சொட்டு வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்பக் கொட்டுற," என்றாள். "மீன் செத்ததுக்கப்புறம்."