நாலு கிலோ, பதினெட்டு கிலோ

சதாசிவன் ஆறு மணிக்கு எழுந்தான். கிணற்றில் நீர் இறைத்தான். முகம் கழுவினான். பாலில்லாத சாயா போட்டுக் குடித்தான். டி.வி.க்குப் பக்கத்துச் சுவிட்சை அணைக்கப் போனான். அது அணைந்துதான் கிடந்தது. ஏழு மாதமாக அப்படித்தான் கிடக்கிறது. என்றாலும் தினமும் ஒருமுறை விரல் வைத்துப் பார்த்த பிறகுதான் சட்டை மாட்டுவான்.

பாறசாலைக்கு வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் பக்கத்து வீட்டு வேலாயுதன் வந்தான். அவன் மச்சினன் ஷார்ஜாவிலிருந்து லீவுக்கு வருகிறான்.

"அண்ணா, நீங்க படிச்ச ஆளு, பறயுங்க. கேம் வெளையாட கன்சோல் கொள்ளாமா, கம்ப்யூட்டர் நல்லதா? வெள்ளிக்கிழம பெட்டி கெட்டுவான்."

"ஒனக்கு எதுக்குலே இப்போ கேமு?"

"கலியாணம் கழிஞ்சவனுக்கு வேற என்ன சந்தோஷம் உண்டு?"

சொன்ன பிறகுதான் வேலாயுதன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

இந்தப் பக்கத்தில் கல்ஃப்காரனின் பெட்டிக்கு விமானத்தில் முப்பது கிலோதான். கூடப்பிறந்தவர்களுக்குப் பங்கிட்டுத்தான் கட்டுவான். ஒரு வீட்டுக்கு ஒரு பெரிய சாமான். ஒருமுறை சொன்னால் சொன்னதுதான். போன வருஷம் மனைவி ஸ்ரீகுமாரியின் அண்ணன் அப்புக்குட்டன் துபாயிலிருந்து என்ன வேண்டுமென்று கேட்டபோது, சதாசிவன் ஒரு தாளில் நடுவே கோடு கிழித்து எழுதினான். கன்சோல்: விலை குறைவு, டி.வி.யில் மாட்டினால் போதும், டிஸ்க்தான் விலை, எடை நாலு கிலோ. கம்ப்யூட்டர்: இரண்டு மடங்கு விலை, கேம் சல்லிசு, மானிட்டரோடு பதினெட்டு கிலோ. அதன் கீழே மனைவி பென்சிலால் ஒரு வரி சேர்த்தாள்: வீட்டிலிருந்தே டைப்பிங் வேலை எடுக்கலாம்.

"இது கேம் கணக்கு" என்று அந்த வரியை அவன் அடித்தான்.

"பெட்டியில கொள்ளாதுன்னா, நிலச் சட்டத்துல எங்க பாட்டனுக்குக் கிட்டின இந்தப் பத்து சென்டுல ரெண்ட வித்து இங்கயே வாங்குவோம்" என்றாள். அவன் சிரித்தான்.

கன்சோல் வந்தது. மிச்சமான எடைக்கு அவன் தனக்கு இரண்டு குப்பி வாசனை ஸ்பிரே சொன்னான். அவள் நெய்யாற்றின்கரையில் ஒரு டைப்பிங் சென்டரில் சேர்ந்தாள். மூன்றாம் மாதம் பஸ்ஸிலிருந்து இறங்கி ஹைவேயைக் கடக்கும்போது லாரி.

"கம்ப்யூட்டர் சொல்லு" என்றான் சதாசிவன் வேலாயுதனிடம்.

"வெல கூடுதல் இல்லியா? எடயும் உண்டு."

"கூடுதல்தான். ஒம் பெண்டாட்டி வீட்டிலிருந்தே அதுல வேல செய்யலாம். அதயும் கணக்குல சேரு."

வேலாயுதன் டி.வி.க்கு அடியில் கிடந்த கன்சோலைப் பார்த்தான். "ஒரு காரியம் அண்ணா. நீங்க இப்போ இதத் தொடுறதே இல்லியே. இத எனக்குத் தந்தா மச்சினன்கிட்ட வேற எதாவது பறயலாம்."

"தரமாட்டேன். போலே."

அவன் போனபின் சதாசிவன் மறுபடியும் சுவிட்சைத் தொட்டுப் பார்த்தான்.

ஸ்ரீகுமாரியின் மரணத்துக்கு வந்த எல்லோரும் கேட்டார்கள், அவள் கடைசியாக என்ன சொன்னாள் என்று. உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள் என்று சொல்லிவைத்தான். அப்புக்குட்டன் அதைக் கேட்டு அழுதான். விபத்தன்று காலை வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே அவள் சொன்னது இது:

"கேட்டியளா, கரண்டு போனா சுவிட்ச அணச்சிருங்க. அந்தக் கன்சோலு எரிஞ்சா அண்ணன் இனி ஒண்ணும் கொண்டுவர மாட்டான்."