லேபிள் ஊறிய ரெக்கார்டுகள்

ஒடெஸ்ஸாவுக்குக் கால் இரண்டும் வீங்கி, கறுப்பு ஷூவின் விளிம்புக்கு மேல் சதை பிதுங்கி நின்றது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ஈரத்துணி மூட்டைகளை இழுத்து இழுத்துத் தேய்ந்த கால். காலையில் சர்ச்சில் நின்றாள், பிறகு கல்லறையில் பனி கரைந்த சேற்றில் நின்றாள், வீட்டுக்கு வந்தால் லிஃப்ட் ஓடவில்லை, ஏழு மாடி ஏறினாள். ஷூவைக் கழற்றினால் இன்று திரும்ப மாட்ட முடியாது. துக்கத்துக்கு வந்தவர்கள் முன்னால் வெறுங்காலோடு இருக்க முடியாதென்றால் உள்ளே போக வேண்டும். உள்ளே போனால் இந்தக் கதவுக்குக் காவல் இருக்காது. அதனால் வலியோடு உட்கார்ந்திருந்தாள்.

அது அவள் தம்பி கொர்னெல்லின் அறைக் கதவு. சமையலறை நாற்காலி ஒன்றை இழுத்துவந்து, முதுகு கதவில் முட்டும்படி போட்டிருந்தாள். பாத்ரூமுக்குப் போகிறவர்கள் அவளைத் தாண்டித்தான் போக வேண்டும். போகிறவன் ஒவ்வொருவனும் கைப்பிடியை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவதாக அவளுக்குப் பட்டது.

அந்த அறையில்தான் முப்பது வருஷத்துக்கு முன்னால் ‘ஏழாம் மாடி’ உருவானது. ஜன்னலுக்குப் போர்வை கட்டி, அம்மாவின் கோட்டுகள் தொங்கிய அலமாரிக்குள் ஒருவனை நிறுத்திப் பாடவைத்து, பழைய ரெக்கார்டுகளிலிருந்து துண்டு துண்டாக இசையை வெட்டி ஒட்டிக் கொர்னெல் செய்த ஆல்பம். இன்று ஜப்பானிலிருந்து வந்துகூடக் கீழே நின்று கட்டடத்தைப் படம் பிடிக்கிறார்கள். ப்ரூக்ளினில் ராப் கேட்டு வளர்ந்த எவனுக்கும் அதன் வரிகள் மனப்பாடம். லிஃப்டுக்கு மட்டும் அதைப் பற்றி யாரும் சொல்லவில்லை.

சமையலறையில் சிஸ்டர் மேப்ரி ஆட்சி நடந்துகொண்டிருந்தது. ஒன்பதாம் மாடிக்காரி, ஒரே சர்ச். கழுத்தில் ஆபரேஷன் ஆனதிலிருந்து அவளுக்குக் குரல் போய்விட்டது. பேசினால் தகரத்தில் மணல் தேய்க்கிற சத்தம். ஆனால் அந்தச் சத்தத்துக்கே ஆறு பெண்கள் ஓடி ஓடி வேலை செய்தார்கள். யார் கொண்டுவந்த பாத்திரமானாலும் கவிழ்த்து, அடியில் டேப் ஒட்டிப் பெயர் எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுப்பருகே விட்டாள். பெயர் இல்லாத பாத்திரம் வீடு திரும்பாது. கொர்னெல் டயாலிசிஸுக்குப் போய்வந்த காலம் முழுக்க வெள்ளிக்கிழமை தவறாமல் வறுத்த மீன் கொண்டுவந்தவள் அவள்தான். அவனோ வெளியே வந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. தேங்ஸ் சொல்லிடு என்று அறைக்குள்ளிருந்தே சொல்லுவான். அவளோடு ஒரே லிஃப்டில் போகக் கூசி, நோயோடு படி இறங்கினவன். ஒடெஸ்ஸா அதை நன்றிகெட்ட குணம் என்று விட்டிருந்தாள்.

ரோட்னி காஸ்கின்ஸ் வந்து முன்னால் நின்றபோது அவள் நிமிரவில்லை. ஷூவைப் பார்த்தே ஆளைத் தெரிந்துகொண்டாள். ஊருக்கு அவன் ‘ஸ்லேட்’ என்ற ராப் பாடகன். அம்மாவின் கோட்டுகளுக்கு நடுவே நின்று பாடியவன் இவன்தான். மூன்றாம் மாடியில் வளர்ந்தவன், இப்போது நியூஜெர்சியில் பெரிய வீடு. கொர்னெல்லோடு பேச்சை விட்டுப் பல வருஷம். ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. சாவுக்கு மட்டும் சவப்பெட்டிக்குத் தோள் கொடுக்க முதல் ஆளாக வந்து நின்றான்.

“டெஸ்ஸக்கா, கொஞ்சம் நகந்துக்கோங்க. உள்ள ஒரு தடவ பாத்துட்டு வந்துடறேன்.”

“என்னத்தப் பாக்கப்போற? அவன் இருந்தப்ப வரல. இப்ப கட்டில்தான் இருக்கு.”

அவன் குந்தி உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் விஷயத்தைச் சொன்னான். முப்பதாம் வருஷம் என்று கம்பெனி ஆல்பத்தை மறுபடி கொண்டுவரப் போகிறது. எல்லாம் தயார். மூன்றாவது பாட்டுதான் தொந்தரவு. அதில் திரும்பத் திரும்ப வருகிற அந்தக் குழந்தைக் குரல் யாருடையது, எந்த ரெக்கார்டிலிருந்து வெட்டியது என்று வக்கீல்கள் கேட்கிறார்கள். அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. இன்றைக்கு எழுத்தில் வேண்டுமாம். கொர்னெல்லிடம் கேட்டபோதெல்லாம், செத்துப்போன யாரோ ஒரு சிகாகோக்காரி என்றானாம். அதில்தான் சண்டை, பேச்சு நின்றதும் அதில்தான்.

“அந்தப் பாட்டு இல்லன்னா அது ‘ஏழாம் மாடி’யே இல்லக்கா. அதோட உரிமைய அவன் ரகசியமா யாருக்கோ வித்துட்டான்னு நெனச்சேன்.”

“நீ அவன் பங்கத் தின்னுட்டேன்னு நான் நெனச்சேன்.”

“தின்னல.”

“பாதி?”

“கம்பெனி தின்னதுபோக எலயில ஒட்டினத ரெண்டு பேரும் நக்கினோம்,” என்றான். சிரிக்கவில்லை.

நம்பலாமா என்று அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அறுபதை நெருங்கிய முகம், கண்ணுக்குக் கீழே பை. நம்ப ஒன்றும் அகப்படவில்லை. ஆனால் அவளுக்கும் ஒன்று தெரிய வேண்டியிருந்தது: அவள் சம்பளத்தில் வாடகை கட்டிய இந்த வீட்டுக்குள் உட்கார்ந்து, தம்பி இத்தனை காலம் எதைக் கட்டிக் காத்தான்?

“கோட்டக் கழட்டு,” என்றாள். “அதுக்குள்ள நாலு ரெக்கார்டு போகும்.”

அவன் கழற்றினான். அவள் எழுந்து, அவனை முன்னால் விட்டு, பின்னாலேயே போய்க் கதவைச் சாத்தினாள்.

சுவரெல்லாம் பால் பாட்டில் அடுக்கும் பிளாஸ்டிக் பெட்டிகள், பெட்டி நிறைய ரெக்கார்டுகள். எதிலும் லேபிள் இல்லை. நடுவில் வட்டமாகச் சுரண்டிய சாம்பல் தழும்பு மட்டும். அந்தத் தொழிலில் இருந்த எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். எங்கிருந்து வெட்டினோம் என்று அடுத்தவன் படித்துவிடக் கூடாது. சலவைக்கூடத்திலிருந்து வந்து குளிக்கப் போனால் தொட்டி நிறைய ரெக்கார்டுகள் ஊறிக் கிடக்கும். யாருடைய பெயரெல்லாமோ காகிதக் கூழாகி வடிகாலை அடைக்கும். அந்தக் கூழை விரலால் தோண்டி எடுத்தவள் ஒடெஸ்ஸா.

ரோட்னி பெட்டி பெட்டியாகப் புரட்டினான். எடுத்ததைப் பிளேயரில் வைத்து ஊசியை விடுவான், ஒரு டிரம் கேட்கும், தலையாட்டுவான், எடுத்துவிடுவான். ஒடெஸ்ஸா பெட்டிகளைப் பார்க்கவில்லை, அவன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அலமாரியைத் திறந்தாள். அம்மாவின் கோட்டுகள் இன்னும் தொங்கின. அவற்றுக்குப் பின்னால், மேல்தட்டின் மூலையில், அம்மா பூவேலை செய்த தலையணை உறை ஒன்று தட்டையாக நின்றது. வாரா வாரம் இந்த வீட்டுத் துணியைத் துவைத்தவள் அவள். அந்த உறை அவள் கைக்கு வந்து எத்தனையோ காலம்.

உள்ளே ஒரே ஒரு ரெக்கார்டு. லேபிள் இல்லை.

ரோட்னி ஊசியை வைத்தான். கரகரப்பு, ஆர்கன், ஜனங்கள் இருமும் சத்தம். பிறகு ஒரு பெண் குரல் எழுந்தது. கனத்த குரல், அவசரமில்லாத குரல். ‘விடியும்’ என்ற ஒரு சொல்லைப் பிடித்து, இறக்கி, மூச்சு வாங்கி, மறுபடி தூக்கியது. ரோட்னி பிளேயரின் வேகத்தைக் கூட்டினான். குரல் சுருங்கிக் குழந்தையாயிற்று. உலகத்துக்கே தெரிந்த மூன்றாவது பாட்டு. வேகத்தைக் குறைத்தான். மறுபடி பெண் வந்தாள்.

ஒடெஸ்ஸா கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். அவர்கள் சர்ச் கூரைக்குப் பணம் சேர்க்க அடித்த ரெக்கார்டு அது. குடும்பத்துக்கு ஒன்று வாங்கினார்கள். அம்மாவுடையது காணாமல் போயிற்று. தேடித் தேடி ஓய்ந்து, கடைசியில் ஒடெஸ்ஸாவின் புருஷன்தான் குடிக்க விற்றிருப்பான் என்று அம்மா சொன்னாள். ஒடெஸ்ஸாவும் அதை நம்பினாள். அந்த வருஷத்தோடு அந்தக் கல்யாணம் முடிந்தது.

“இது யாரு கொரல், அக்கா?” என்றான் ரோட்னி.

அவள் கதவைப் பார்த்தாள். சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது.

கதவு திறந்தது. சிஸ்டர் மேப்ரி ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். ரெக்கார்டு ஓடிக்கொண்டிருந்தது. யாரும் நிறுத்தப் போகவில்லை. அந்தப் பக்கம் முடியும்வரை அவள் கதவு நிலையைப் பிடித்தபடி கேட்டாள். முடிந்த பிறகு ஊசி சும்மா தட்டியது.

“இவ்வளவு நல்லாவா பாடினேன்,” என்றாள், மணல் தேய்கிற குரலில்.

ரோட்னி எழுந்துவிட்டான். தனக்குத் தெரியாது என்றான், சத்தியமாகத் தெரியாது என்றான்.

“எனக்குத் தெரியும். பாட்டு வந்த வருஷமே தெரியும். கீழ ஒரு கார்ல போச்சு. எலி கத்தற மாதிரி ஆக்கிட்டான். ஆனா மூச்சு வாங்கற எடம் என்னோடது. அது எனக்குத் தெரியாதா?”

“தெரிஞ்சும் ஏன் கேக்கல சிஸ்டர்?” என்றாள் ஒடெஸ்ஸா.

“நான் எதுக்குக் கேக்கணும்? எடுத்தவன்ல கேக்கணும்.”

ரோட்னி அவசரமாக, கம்பெனியோடு பேசிப் பணம் வாங்கித் தருகிறேன் என்றான். அவன் கை ஏற்கெனவே பேன்ட் பையில் போனைத் தேடியது.

“வாங்கித் தா. வேண்டாங்கறதுக்கு நான் என்ன மடச்சியா? தொண்ட ஆபரேஷனுக்கு இன்னும் கட்டிட்டிருக்கேன். என் பேரையும் போடு. எர்னஸ்டீன். எழுத்துக்கூட்டிச் சொல்றேன், தப்பில்லாம எழுதிக்கோ. ஆனா நான் காத்திருந்தது அதுக்கில்ல.”

ஒடெஸ்ஸா மெதுவாகக் கேட்டாள். “அப்ப அந்த வெள்ளிக்கெழம மீனு?”

“கதவத் தட்டணும்ல, அதுக்கொரு சாக்கு. ஒரு தடவயாவது அவன் வந்து தெறப்பான்னு பாத்தேன்.” அவள் ஒடெஸ்ஸாவின் வீங்கிய கால்களைப் பார்த்தாள். “எப்பவும் நீதான் தெறந்தே.”

அதோடு திரும்பிப் போய்விட்டாள். சமையலறையில் யாரையோ, அந்த மாக்கரோனியை மூடி வை, ஆறிப்போகுது என்று அதட்டுவது கேட்டது.

சாயங்காலத்துக்குள் வந்தவர்கள் கலைந்தார்கள். ரோட்னி, ரெக்கார்டைத் தன்னோடு எடுத்துப் போகட்டுமா என்று கேட்டான். கூடாது என்றாள். படம் எடுத்துக்கொள்ளட்டுமா என்றான். லேபிளே இல்லாததில் எதைப் படம் எடுப்பாய் என்று கேட்டாள். அவன் கோட்டை மாட்டிக்கொண்டு படி இறங்கினான். எதற்கும் அந்தக் கோட்டை ஒரு தடவை தட்டிப் பார்த்துத்தான் அனுப்பினாள்.

பிறகு ஷூவைக் கழற்றினாள். வெறுங்காலோடு சிங்க் முன்னால் நின்று, மீன் வந்த பெரிய வாணலியை எடுத்தாள். உள்ளே எண்ணெய் பிடித்திருந்தது. கவிழ்த்துப் பார்த்தாள். அடியில் பழுப்பேறிய டேப், அதில் பேனாவால் மேப்ரி என்று எழுதியிருந்தது. அந்த இடத்தில் தண்ணீர் படாமல் உள்ளங்கையால் பொத்திக்கொண்டு மற்றதைத் தேய்த்தாள். துடைத்தாள். காலையில் ஒன்பதாம் மாடிக்கு ஏறிப்போய்க் கொடுத்துவிடலாம்.

வாணலி நாளைக்குத் திரும்பிவிடும். கொர்னெல் எர்னஸ்டீன் மேப்ரியிடம், உன் குரலை எடுத்துக்கொள்ளட்டுமா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். அது பாக்கி.