சிவப்பு வட்டத்துக்குள் அக்கா

ஹட்டன் நகரத்தில் ஒரு போன் கடையின் மேல்மாடியில் பிரதாப் ஓர் இணையச் செய்திச் சேனல் நடத்திவந்தான். ஒரு மேசை, பச்சைத் துணி கட்டிய சுவர், இரண்டு விளக்குகள், அவ்வளவுதான். அங்கே செய்தி வாசித்தவள் சர்மிளா. டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்திலிருந்து பஸ்ஸில் வந்து போனாள். நிதானமான, தெளிவான குரல். மலையகத்தில் பல வீடுகளுக்கு அந்தக் குரல் பழகிப்போயிருந்தது.

வளைகுடாப் பக்கம் போர் மூண்டதும் சேனலைப் பார்க்கிறவர்கள் திடீரென்று பெருகினார்கள். தோட்டத்துப் பெண்கள் பலர் அங்கே வீட்டு வேலைக்குப் போயிருந்தார்கள். சர்மிளாவின் அக்கா நிஷாந்தியும் போயிருந்தாள். துறைமுக நகரமொன்றில், ஒரு வீட்டின் இரண்டு குழந்தைகளைக் கவனித்துக்கொள்வது அவள் வேலை.

வளைகுடாவின் அக்கரையிலிருந்த நாட்டின் தளபதி, உலகம் காணாத ஆயுதமொன்று தங்களிடம் இருப்பதாக மிரட்டினார். அதெல்லாம் வெறும் வாய்ச்சவடால் என்றது எதிர்த்தரப்பு. எது நிஜம் என்று யாருக்கும் தெரியவில்லை. வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்று, அப்படியொரு ஏவுகணை இருக்கலாம் என்று ஊகமாக எழுதியது. பிரதாப் அதைத் தமிழில் எழுதிக்கொண்டு வந்தான்.

வாசித்துப் பார்த்த சர்மிளா நிமிர்ந்தாள்.

"அண்ணே, இருக்கலாம்னுதானே அவங்க போட்டிருந்தாங்க? நீங்க இருக்குதுன்னே எழுதியிருக்கீங்க."

"லாம் லாம்னு வாசிச்சா எவன் பாப்பான்? எல்லாச் சேனல்லயும் இருக்குதுன்னுதான் போடுறாங்க."

திரையில் ஒரு வரைபடம் இருந்தது. ஏவுகணை எட்டக்கூடிய தூரம் என்று அதில் ஒரு சிவப்பு வட்டம் போட்டிருந்தான். நிஷாந்தி இருந்த நகரம் அதற்குள் விழுந்திருந்தது.

"அக்கா இருக்கிற ஊரு இதுக்குள்ள வருதுங்கண்ணே. இந்தத் தூரத்த யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. வட்டம் சின்னதா இருந்தா போன்ல எடுபடாது. ஒரு படந்தானே சர்மி, வாசி."

விளக்கைப் போட்டுவிட்டான். அவள் வாசித்தாள். எப்போதும்போல, தடங்கலில்லாமல் வாசித்தாள்.

அந்த வீடியோ அன்றைக்கே தோட்டமெங்கும் பரவியது. கொழுந்து நிறுக்கும் இடத்தில் யாரோ ஒருத்தி அதை அம்மா நாகலெட்சுமிக்குப் போட்டுக் காட்டினாள். சர்மிளா வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா கொழுந்து பறிக்கக் கட்டிய, நனைந்த படங்குச் சாக்கைக்கூட இடுப்பிலிருந்து அவிழ்க்காமல் போனும் கையுமாக உட்கார்ந்திருந்தாள்.

"அக்காவ அந்த ஊர வுட்டுப் போகச் சொல்லிட்டேன். ஓன் வீடியோவையும் அனுப்பிட்டேன்."

"ஐயோ, ஏம்மா? அது சும்மாம்மா! அந்த வட்டம் பிரதாப் அண்ணன் கையால போட்டது."

"என்னையத் தேத்துறதுக்குச் சொல்ற."

"இல்லம்மா, சத்தியமா."

"காலையில மூஞ்சில ஒரு பயமில்லாம சொன்ன. இப்ப அழுதுகிட்டு இல்லங்கிற. எதடி நான் நம்புறது?"

சர்மிளா அக்காவுக்கு அழைத்துப் பார்த்தாள். மணி அடித்து ஓய்ந்தது. குரல் செய்தி அனுப்பினாள்: "அக்கா, நான் வாசிச்சது நெசமில்ல, வீட்டுலயே இரு." அந்தச் செய்தி போய்ச் சேரவேயில்லை. அதற்குள் அவள் போன் அணைந்துபோயிருந்தது.

மறுநாள் நிஷாந்தி வேலை செய்த வீட்டுச் சாரதி பேசினான். கேரளத்துக்காரன், தமிழ் தெரியும். முந்தின நாள் மத்தியானம் குழந்தைகள் தூங்கிய நேரம் பார்த்து நிஷாந்தி வெளியேறிவிட்டாளாம். பாஸ்போர்ட் முதலாளியிடமே இருக்கிறது. ஓடிப்போய்விட்டாள் என்று பொலிசில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

சில நாட்களில் போர் நின்றது. அந்த நகரத்தில் ஒரு கண்ணாடிகூட உடையவில்லை. தளபதி சொன்ன ஆயுதம் இருந்ததா இல்லையா என்பது கடைசிவரை தெரியவரவில்லை. சேனல்கள் வேறு கதைக்கு மாறிக்கொண்டன.

வீடியோவை அழிக்கச் சொல்லி சர்மிளா பிரதாப்பிடம் போய் நின்றாள். அவன் பதறித்தான் போனான். தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்:

"நம்ம சேனல்ல ஆக அதிகம் பாத்தது அதுதான் சர்மி. அழிச்சா என்னா ஆகப்போவுது? அம்மாவக் கூட்டிக்கிட்டு வா. ஒரு பேட்டி போடுவோம். பெரிய எடத்துல யாராச்சும் பாத்து அக்காவத் தேடுவாங்க."

அவள் படியிறங்கி வந்துவிட்டாள். அதற்குப் பிறகு அங்கே போகவில்லை. தான் வாசித்தது ஊகம் என்று சொந்தப் போனில் பேசிப் பதிவிட்டாள். பார்த்தவர்கள் கொஞ்சம் பேர். 'மிரட்டிச் சொல்லவைத்திருக்கிறார்கள்' என்று ஒருவர் கீழே எழுதியிருந்தார்.

வெளிநாட்டு வேலைக்கான அலுவலகத்துக்கும் தூதரகத்துக்கும் எழுதியும் அலைந்தும் மாதங்கள் போயின. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பனி மூட்டத்தில் எதிர் லயம்கூடத் தெரியாத காலையில், புது இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது.

"சர்மி..."

"அக்கா! எங்கக்கா இருக்க?"

"தடுப்பு முகாம்ல. செக்போஸ்ட்ல புடிச்சிட்டாங்க. இங்க போனில்ல, டிவியில்ல. இன்னிக்குத்தான் பேசவுட்டாங்க." மூச்சு வாங்கியது. "நீ சொல்லலன்னா நான் அங்கயே செத்திருப்பேன் சர்மி. ஆனா அந்தப் புள்ளைங்க... தூங்கிக்கிட்டு இருந்துச்சுங்கடி. எழுப்பிக் கூட்டிக்கிட்டு வந்திருக்கலாம். கண்ண மூடுனா அதுங்கதான் வருதுங்க. அந்த வீட்டுல யாராச்சும் பொழைச்சாங்களா? ஏதும் செய்தியில வந்துச்சா?"

அம்மா பக்கத்தில் வந்து நின்றாள். ஊரில் விழுந்தது, பிள்ளைகள் தப்பிவிட்டார்கள் என்று பொய் சொல்ல ஒரு கணம் போதும் என்று சர்மிளாவுக்குத் தோன்றியது. அவள் சொல்லவில்லை.

"எல்லாரும் நல்லா இருக்காங்கக்கா. அந்த ஊர்ல ஒன்னுமே விழல. நான் வாசிச்சது பொய்."



"புள்ளைங்க இருக்குதுங்களா?" என்றாள் நிஷாந்தி மறுபடியும்.

"இருக்குதுங்கக்கா."

நிஷாந்தி அழத் தொடங்கினாள். முதலில் அது சந்தோஷம்போலத்தான் இருந்தது. பிறகு மாறியது.

"அப்ப நான் எதுக்குடி இங்க கெடக்குறேன்?"

பதில் சொல்லுமுன் அங்கே யாரோ அரபியில் அதட்டினார்கள். அழைப்பு அறுந்தது. சர்மிளா அந்த இலக்கத்துக்குத் திரும்பத் திரும்ப அழைத்தாள். யாரும் எடுக்கவில்லை.

"என்னா சொல்றா? எப்ப வர்றாளாம்?" என்று அம்மா தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"தெரியலம்மா" என்றாள் சர்மிளா.

அம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், அதையும் நம்பாமல்.