பதினோரு மொழி மன்றாட்டு

என் தாய்மொழி தமிழ் இல்லை என்று எங்கள் பல்கலைக்கழக அலுவலகம் முடிவு செய்துவிட்ட விஷயம், ஒரு வியாழக்கிழமை மதியம் நோட்டீஸ் போர்டைப் பார்த்தபோதுதான் எனக்கே தெரிந்தது.

புனேயில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் சின்னப் பல்கலைக்கழகம் எங்களுடையது. மொத்தமே எண்ணூறு பேர்தான். ஸ்தாபகர் தினத்தன்று காலைக் கூட்டத்தில் பல மொழிகளில் மன்றாட்டு வாசிப்பது இங்கே பழக்கம். மொழிக்கு ஒரு மாணவி, அந்தந்த ஊர் உடையில் மேடையேறி ஒரு சின்ன வேண்டுதலைப் படிப்பாள். அவள் முடித்ததும் அந்த மொழி தெரிந்தவர்கள் "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று அதே மொழியில் பதில் சொல்ல வேண்டும். மராத்திக்கும் கொங்கணிக்கும் கூரை அதிரும். மலையாளத்துக்கு சிஸ்டர்களே போதும். பேசுகிறவர்கள் ஒன்றிரண்டு பேரே என்பதால் தமிழுக்கு மட்டும் வருஷா வருஷம் பேரமைதி. பிறகு பாடகர் குழு ஆங்கிலத்தில் பதில் சொல்லி மானத்தைக் காப்பாற்றும்.

இந்த வருஷம் உருதுவைப் புதிதாகச் சேர்த்துப் பதினோரு மொழிகள் ஆக்கியிருந்தார்கள். பட்டியலில் உருதுவுக்கு நேரே ஹுதா என்று என் பெயர். கடைசியில் இருந்த தமிழுக்கு நேரே ஸ்ரீரஞ்சனி.

எனக்கு உருது ஒரு வரி தெரியாது. என் வாப்பா ஷேக் முகைதீன் மேலப்பாளையத்துக்காரர், புனே ஆகுர்டியில் பைகள் விற்கும் கடை வைத்திருக்கிறார். எங்கள் வீட்டில் பேசுவது, சண்டை போடுவது, துஆ கேட்டு வேண்டுவது எல்லாமே தமிழில்தான். ஸ்ரீரஞ்சனி என் உயிர்த்தோழி, புனே மகர்பட்டாவிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். தமிழில் ஒரு எழுத்துகூட அவளுக்குப் படிக்க வராது. போன வருஷம் அவளுக்காக மன்றாட்டை ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுத்து, திரைக்குப் பின்னால் நின்று எடுத்துக் கொடுத்ததே நான்தான்.

நேராக ப்ரீதி மேடத்திடம் போனேன். டைவர்சிட்டி கமிட்டிக்குத் தலைவி அவர். அறைச் சுவர் முழுக்க, பல நிறக் கைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும் படங்கள். அவர் ஆங்கிலத்தில் பேசியதைத்தான் இங்கே தமிழில் சொல்கிறேன்.

"அட்மிஷன் ஃபார்ம்ல தாய்மொழி தமிழ்னு தப்பா எழுதியிருந்தே. ஆபீஸ்ல கவனிச்சுத் திருத்திட்டாங்க" என்றார், ஏதோ எனக்கு உபகாரம் செய்தது போல.

"தப்பில்ல மேடம். தமிழ்தான்."

"பூர்வீகம் தமிழ்நாடு. அது சரி. வீட்ல என்ன பேசுவீங்க?"

"தமிழ்."

"அப்பா அம்மா ரெண்டு பேரும்?"

"எங்க வீட்டுப் பூனைக்கும் தமிழ்தான் மேடம்."

அவர் சிரிக்கவில்லை. "இதோ பார். இந்தத் தடவை தரச்சான்று கொடுக்க டெல்லியிலேர்ந்து மூணு பேர் வர்றாங்க. பார்த்ததும் அவங்களுக்குப் புரியணும். முக்காடு போட்ட பொண்ணு உருது, பட்டுப்பாவாடை கட்டின பொண்ணு தமிழ். மாத்தி நிறுத்தினா ஒவ்வொருத்தருக்கும் விளக்கம் சொல்லிட்டிருக்கணும்."

"சொல்லலாமே மேடம். அதுக்குத்தானே கமிட்டி?"

மேஜை மேலிருந்த நீல ஃபைலை அவர் நேராக்கி வைத்தார். "உன் எம்.ஏ. பரிந்துரைக் கடிதம் இதுக்குள்ளதான் இருக்கு, ஹுதா. ஸ்தாபகர் தினம் நல்லபடியா முடியட்டும், கையெழுத்துப் போடறேன்."

அந்தக் கடிதம் இல்லாமல் ஹைதராபாத் பல்கலைக்கழகத்துக்கு நான் போட்டிருந்த விண்ணப்பம் நகராது. அது அவருக்கும் தெரியும். வெளியே வந்தபோது காது சுட்டது. என்னைச் சேர்த்துக்கொள்ள அவர்களுக்கு ஆட்சேபணையே இல்லை. நான் யார் என்பதை மட்டும் அவர்கள் முடிவு செய்வார்களாம்.

வீட்டில் சொன்னேன். "மொதல்ல லெட்டர வாங்கிக்கோ. சண்டய பொறவு வச்சுக்கலாம்" என்றார் வாப்பா.

உம்மா விடவில்லை. "உருதுல எத படிப்பா? நீங்க பக்கத்துக் கடைக்காரன்கிட்ட ஹிந்தி பேசுனாலே அவன் சிரிக்கான். இவ மைக்குல பேசுனா ஊரே சிரிக்காதா?"

மறுநாள் கேன்டீனில் செல்வமேரி அக்காவிடம் கொட்டித் தீர்த்தேன். அக்காவுக்குக் குடியாத்தம் பக்கம். பன்னிரண்டு வருஷமாக இங்கே சமையல் வேலை. விழா நாளில் எண்ணூறு பேருக்குச் சாப்பாடு அவர் பொறுப்பு.

"ஏன்க்கா, தமிழ் மன்றாட்டுக்கு நீங்களாவது பதில் சொல்லலாமில்ல?"

"எங்கள எங்க பாப்பா உள்ள வுடுறாங்க? கிச்சன் கதவாண்ட நின்னு கேக்கறதுதான்" என்றார், வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "போன வருசம் அந்தப் பொண்ணு படிச்சது தமிழுன்னே எங்களுக்குத் தெரில. தெரிஞ்சா சொல்ல மாட்டமா? நானு, ஆண்டனி எல்லாம் சேத்துப் பதினாலு பேரு கீறோம். வாராவாரம் பூசையில சொல்றதுதான."

பதினான்கு பேர். தமிழில் ஜெபம் சொல்லும் பதினான்கு கத்தோலிக்கர்கள், கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில், அரங்கத்தை ஒட்டிய சமையலறைக் கதவுக்குப் பின்னால். டைவர்சிட்டி கமிட்டியோ தமிழ் முகத்துக்காக விளக்குப் பிடித்துத் தேடிக்கொண்டிருந்தது. அதுவரை எனக்காகத்தான் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அது போதாது என்று பட்டது.

அன்று சாயங்காலம் ஸ்ரீரஞ்சனியிடம், "நான்தான் தமிழ் படிக்கப் போறேன்" என்றேன்.

"அரே, படி டீ! எனக்கு டென்ஷன் குறையும்" என்றாள். பிறகு, "உன் லெட்டர்?" என்றாள்.

"அது மேடத்தோட லெட்டர். அவங்களே வச்சுக்கட்டும்."

ஸ்தாபகர் தினம் வந்தது. கமிட்டி எனக்கென்று அனுப்பிய ஜரிகை வைத்த ஷராரா உடுப்பைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. தினமும் போடும் சுடிதார், தினமும் போடும் கறுப்பு முக்காடு. பட்டுப்பாவாடையும் மல்லிகையுமாக ஸ்ரீரஞ்சனி என் பக்கத்தில். முதல் வரிசையில் டெல்லிக்காரர்கள் மூவரும் மடியில் தாள்களோடு உட்கார்ந்திருந்தார்கள்.

ஒன்பது மொழிகள் முடிந்தன. "உருது" என்று அறிவிப்புச் செய்த மாணவி கூப்பிட்டாள். நான் எழுந்திருக்கவில்லை. "உருது, ஹுதா." உட்கார்ந்தே இருந்தேன். எண்ணூறு தலைகளும் என்னைத்தான் தேடின. மூன்றாவது தடவையும் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, தடுமாறிக்கொண்டே "தமிழ், ஸ்ரீரஞ்சனி" என்றாள்.

ஸ்ரீரஞ்சனி பாவாடையைச் சுருட்டிக்கொண்டு காலை ஒதுக்கி எனக்கு வழிவிட்டாள். நான் எழுந்தேன்.

மேடைப் படியருகே ப்ரீதி மேடம் குறுக்கே நின்றார். கையில் அந்த நீல ஃபைல். "உன் முறை முடிஞ்சாச்சு. போய் உட்கார்."

"தமிழ் கூப்பிட்டாங்க மேடம். நான் வந்திருக்கேன்."

"ஹுதா, நல்லா யோசிச்சுக்கோ."

"யோசிச்சுட்டேன்" என்று சொல்லி அவரைச் சுற்றிக்கொண்டு ஏறினேன்.

கமிட்டி எழுதித் தந்த வேண்டுதல் ஒற்றுமையைப் பற்றியது. அதை மடித்து மைக்குக்குக் கீழே வைத்தேன். வீட்டில் உம்மா கூப்பிடுவதுபோலவே "இறைவா" என்று தொடங்கினேன்.

"இறைவா, இந்த வளாகத்தில் எங்கள் எல்லோருக்கும் சமைத்துப் போட்டுவிட்டு, விழா நாளில் கதவுக்குப் பின்னால் நிற்கிறவர்களுக்காக வேண்டுகிறோம். செல்வமேரிக்காக, ஆண்டனிக்காக, அவர்களோடு நிற்கும் பன்னிரண்டு பேருக்காக வேண்டுகிறோம். அடுத்த வருஷம் அவர்களுக்கு இந்த அரங்கில் நாற்காலி கிடைக்க வேண்டும் என்று உம்மை மன்றாடுகிறோம்."

அமைதி. ஒவ்வொரு வருஷமும் வரும் அதே அமைதி. பாடகர் குழுத் தலைவி ஆங்கிலப் பதிலுக்காகக் கையைத் தூக்கிவிட்டாள். ஒரு கணம், தோற்றுவிட்டேன் என்றே நினைத்தேன்.

சமையலறைக் கதவு திறந்தது.

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."

முதலில் செல்வமேரி அக்காவின் குரல். உடனே ஆண்டனி அண்ணனுடையது. பிறகு எல்லோருமாக, நன்றாக, சத்தமாக. அரங்கமே நாற்காலிகளைக் கிறீச்சிட வைத்துத் திரும்பிப் பார்த்தது. ஏப்ரனும் தலையில் துண்டுமாகப் பதினான்கு பேரும் கதவைத் தாண்டி உள்ளே வந்து நின்றிருந்தார்கள். செல்வமேரி அக்கா கையில் இன்னும் கரண்டி.

டெல்லிக்காரர்களில் ஒரு அம்மாள் ப்ரீதி மேடம் பக்கம் சாய்ந்து, "இவங்களெல்லாம் யார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டது மேடைவரை கேட்டது. மேடம் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே என் கடிதம் என்ன ஆகும் என்று தெரிந்துவிட்டது. ஆனால் இறங்க மனசே வரவில்லை.

"போதும், கீழே வா" என்று படியிலிருந்து கையைக் காட்டினார்.

நிகழ்ச்சி நிரலில் பதினோரு மன்றாட்டு என்று அச்சடித்திருந்தார்கள். உருது இல்லாததால் ஒன்று குறைந்தது. குறை வைப்பானேன் என்று மைக்கை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்து, கதவருகே நின்றவர்களைப் பார்த்து, தமிழில் இரண்டாவதைத் தொடங்கினேன்.